பழைய காகிதங்களில் பேரரசைத் தேடியவர்: சர் ஜதுநாத் சர்க்கார்

லேக் கார்டன்ஸில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் லேக் மார்க்கெட். வாழை இலை, முருங்கைக்காய், காப்பித்தூள், பூ எல்லாம் அங்கேதான். பஜ்பஜ் ரயில் பாதையைத் தாண்டி, ஏரிக்கரை ஓரமாக நடந்து, சதர்ன் அவென்யூவைக் கடந்துவிட்டால் மார்க்கெட் பக்கம் வந்துவிடலாம். நானும் பையைத் தூக்கிக்கொண்டு அந்த வழியில் போகிறவன்தான்.

அந்த வட்டாரத்தில் லேக் டெரஸ் என்று ஒரு தெரு இருக்கிறது. அதில் 10-ம் எண் வீட்டை நான் எத்தனையோ தடவை பார்க்காமலே கடந்து போயிருக்கிறேன். இந்தியாவின் தலைசிறந்த சரித்திர ஆசிரியர்களில் ஒருவர் தம் கடைசிக் காலத்தைக் கழித்த வீடு அது. அவர் பெயர் சர் ஜதுநாத் சர்க்கார். 1958-ம் ஆண்டு மே 19-ந் தேதி தமது 87-வது வயதில் காலமானார்.

வங்காளிகளுக்கு அவரை நன்றாகத் தெரியும். நம்மவர்களில் அதிகம் பேருக்குத் தெரியாது. ஆனால் நம் செஞ்சிக் கோட்டையை மொகலாயப் படை ஏழு வருடத்துக்கு மேல் முற்றுகையிட்ட கதையைப் பாரசீக ஏடுகளிலிருந்தும் பிரெஞ்சுக்காரர் குறிப்புகளிலிருந்தும் திரட்டி, நாள் கணக்கோடு உலகத்துக்குச் சொன்னவர்களில் முக்கியமானவர் இவரே. இன்னொரு காரணமும் உண்டு. அரசர்களின் கதையை எழுதிய இந்தப் பெரியவர், அதற்கான சாட்சியங்களைப் பெரும்பாலும் என்னைப் போன்ற, உங்களைப் போன்ற குமாஸ்தாக்களின் எழுத்தில்தான் தேடினார்.

ஜமீன் வீட்டுப் பிள்ளை

ஜதுநாத் 1870-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி ராஜ்ஷாஹி ஜில்லாவில் கராச்மாரியா என்ற கிராமத்தில் பிறந்தார். அந்த ஊர் இப்போது வங்காளதேசத்தில், நாட்டோர் மாவட்டத்தில் இருக்கிறது. தகப்பனார் ராஜ்குமார் சர்க்கார் ஜமீன்தார். ஜமீன்தார் என்றதும் நமக்கு வேறு மாதிரி நினைவுகள் வரும். இவர் புத்தகப் பிரியர். வீட்டில் நல்ல நூலகம் வைத்திருந்தார். பிள்ளைக்குச் சரித்திரத்தில் ருசி ஏற்பட்டது அங்கேதான்.

கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் படித்து, 1892-ல் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. தேறினார். முதல் வகுப்பு, முதல் இடம். 1897-ல் பிரேம்சந்த் ராய்சந்த் பரிசு கிடைத்தது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் அதைவிடப் பெரிய பரிசு அன்று கிடையாது. அதற்காகச் செய்த ஆராய்ச்சிதான் 1901-ல் அவருடைய முதல் புத்தகமாக வந்தது. அவுரங்கசீப் காலத்து இந்தியாவின் சுபாக்கள், வருமானப் புள்ளிகள், சாலைகள் பற்றிய புத்தகம் அது. போரும் வீரமும் எழுதுவதற்கு முன்னால் ரோடு எங்கே போகிறது, வரி எவ்வளவு வருகிறது என்று பார்த்த மனிதர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆங்கிலம் படித்தவர் மொகலாயர் சரித்திரத்துக்கு வந்தபோது ஒரு விஷயம் புரிந்துவிட்டது. பாரசீகம் தெரியாமல் அந்தச் சரித்திரத்தை எழுத முடியாது. அதுவரை இங்கே பலர் செய்துகொண்டிருந்தது, வெள்ளைக்காரர் எழுதிய மொழிபெயர்ப்பை வைத்து இன்னொரு புத்தகம் எழுதுவது. ஜதுநாத் பாரசீகம் கற்றார். பிறகு சிவாஜியைப் பற்றி எழுத மராத்தி கற்றார். பிரெஞ்சும் போர்ச்சுக்கீஸும் படிக்கத் தெரிந்துகொண்டார். சம்பளத்துக்குப் பாடம் நடத்திக்கொண்டே இத்தனையும் கற்றார்.

உத்தியோகம் பெரும்பாலும் பாட்னா கல்லூரியில். நடுவில் 1917-ல் காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1919 முதல் சில வருடங்கள் கட்டாக் ராவென்ஷா கல்லூரியில் இருந்தார். மறுபடி பாட்னா. பாட்னாவில் கங்கைக் கரையோரம் குதா பக்ஷ் நூலகம் இருக்கிறது. ஒரு வக்கீல் தாம் சேர்த்த பாரசீக, அரபு ஏடுகளை 1891-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட இடம் அது. ஜதுநாத்துக்கு அது இன்னொரு வீடு. அங்கே இல்லாத ஏடுகளுக்கு லண்டனுக்கும் பாரிஸுக்கும் பெர்லினுக்கும் எழுதி, ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வரவழைத்தார். ஜெராக்ஸ் கிடையாத காலம். அந்தப் படங்களுக்கு ஆகும் செலவு வாத்தியார் சம்பளத்தில் சின்ன விஷயமல்ல.

இரண்டு ஸ்டேஷன் ரிஜிஸ்தர்

அவர் வேலை செய்த முறையைச் சொல்ல எனக்கு ரயில்வேக் கணக்குதான் வசதி.

ஒரு விபத்து நடந்தால் விசாரணைக்கு வரும் அதிகாரி முதலில் என்ன செய்வார்? இரண்டு பக்கத்து ஸ்டேஷன்களின் ரிஜிஸ்தர்களையும் கைப்பற்றுவார். இந்த ஸ்டேஷனில் வண்டி புறப்பட்ட நேரம், அந்த ஸ்டேஷனில் வந்து சேர்ந்த நேரம் இரண்டையும் ஒத்துப் பார்ப்பார். பிறகு கார்டின் ஜர்னல். பிறகு டிரைவர் வாக்குமூலம். ஒரு ரிஜிஸ்தர் மட்டும் இருந்தால் அதில் எழுதியதுதான் உண்மை. இரண்டு இருந்தால்தான் பொய் தெரியும். அடித்தல் திருத்தல் இல்லாமல், ஒரே மையில், ஒரே கையில், மணி மணியாக எழுதிய பக்கத்தைக் கண்டால் அனுபவசாலிக்குச் சந்தேகம் வந்துவிடும். அது ஒரே மூச்சில் பிறகு உட்கார்ந்து எழுதியது!

ஜதுநாத் இதையே மொகலாயப் பேரரசுக்குச் செய்தார். அரண்மனைச் சரித்திர ஆசிரியர் எழுதிய புத்தகம் அழகாக இருக்கும். தோல்வி அதில் வெற்றியாக இருக்கும். அரசரின் கோபம் நியாயமாக இருக்கும். அதை மட்டும் நம்பாமல் அவர் தேடியது அன்றாடக் காகிதங்களை.

அவற்றில் முக்கியமானவை அக்பாரத் எனப்படும் தர்பார்ச் செய்தித் தாள்கள். ராஜபுத்திர அரசர்கள் மொகலாய தர்பாரில் தங்கள் ஆட்களை வைத்திருப்பார்கள். இன்று தர்பாரில் யார் வந்தார், யாருக்குப் பதவி உயர்ந்தது, எந்தக் கோட்டையிலிருந்து என்ன செய்தி வந்தது என்று அன்றன்றைக்கு எழுதி அனுப்புவார்கள். காகிதத் துண்டுகளில் அவசர எழுத்து. அதில் அலங்காரம் இருக்காது, புகழ்ச்சி இருக்காது. ஜெய்ப்பூரிலும் லண்டனிலும் ஆயிரக்கணக்கில் கிடந்த அந்தத் தாள்களை அவர் சரித்திரத்துக்குள் கொண்டுவந்தார். நானும் ஊர்ச் செய்தி எழுதி அனுப்புகிறவன் என்பதால் அந்த முகம் தெரியாத நிருபர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு.

இன்னொன்று கடிதங்கள். 1665-ல் ராஜா ஜெய்சிங் சிவாஜி மேல் படையெடுத்துப் போய்ப் புரந்தர் உடன்படிக்கை செய்துகொண்டார். 23 கோட்டைகளைச் சிவாஜி விட்டுக்கொடுத்தார். அந்தச் சமயத்தில் ஜெய்சிங் அவுரங்கசீப்புக்கு அனுப்பிய கடிதங்களை எழுதியவர் அவருடைய முன்ஷி உதய்ராஜ். பிறகு அவை தொகுக்கப்பட்டன. அந்தத் தொகுப்பின் ஏடு காசியில் கிடைத்தது. போர் எப்படி நடந்தது என்பதோடு, யாரை எப்படி இழுப்பது, யாருக்கு எவ்வளவு பணம் கொடுப்பது, எந்தப் பாளையக்காரரை யாருக்கு எதிராகத் திருப்புவது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அதிகாரம் எப்படி வேலை செய்தது என்பதை அந்த முன்ஷியின் நகல் புத்தகம் காட்டுகிற அளவுக்கு எந்தப் புகழ்க் காவியமும் காட்டாது.

1912 முதல் 1924 வரை அவுரங்கசீப் சரித்திரம் ஐந்து பாகங்களாக வெளிவந்தது. 1919-ல் சிவாஜியும் அவர் காலமும் என்ற புத்தகம். பிறகு மொகலாயப் பேரரசின் வீழ்ச்சி, நான்கு பாகங்கள். அதன் முதல் பாகம் 1932-ல், கடைசிப் பாகம் 1950-ல். எண்பது வயதை நெருங்கும்போதும் எழுதிக்கொண்டிருந்தார் என்று அர்த்தம்.

கோபித்துக்கொண்டவர்கள்

நடுவில் 1926 முதல் 1928 வரை கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1929-ல் சர் பட்டம். இதையெல்லாம் வேகமாகச் சொல்லிவிட்டுப் போகலாம். துணைவேந்தர்கள் பலர் இருந்தார்கள்.

சொல்ல வேண்டியது அவர் சம்பாதித்த எதிர்ப்பு. சிவாஜி புத்தகம் புனாவில் பலருக்குப் பிடிக்கவில்லை. அவர் சிவாஜியைப் பெரிய ராஜதந்திரி என்றும், ஒன்றுமில்லாததிலிருந்து ஒரு ராஜ்யத்தை உண்டாக்கியவர் என்றும் பாராட்டத்தான் செய்தார். ஆனால் பிற்காலத்தில் எழுதப்பட்ட பகர் என்னும் மராத்திக் கதைகளை அவர் முழுவதும் ஏற்றுக்கொள்ளவில்லை. சூரத்தில் 1664-ல் நடந்த கொள்ளையைக் கொள்ளை என்றே எழுதினார். ஜாதிப் பிளவு அந்த ராஜ்யத்தை உள்ளிருந்தே அரித்தது என்றும் எழுதினார். வங்காளியான இவருக்கு எங்கள் தலைவரைப் பற்றி என்ன தெரியும் என்று அங்கே கேட்டவர்கள் உண்டு.

வங்காளிகளை மட்டும் விட்டாரா? காளிகாட் பக்கம் பிரதாபாதித்ய ரோடு இருக்கிறது, நம்மவர்கள் பலர் அறிவார்கள். ஜெசோர் ஜமீன்தார் பிரதாபாதித்யன் மொகலாயரை எதிர்த்து நின்ற வீரன் என்று சுதேசி இயக்கக் காலத்தில் நாடகம் போட்டு, விழா எடுத்துக் கொண்டாடினார்கள். அப்போது பாரிஸ் நூலகத்தில் ஓர் ஏடு கிடந்தது. மிர்சா நாதன் என்ற மொகலாயப் படை அதிகாரி, வங்காளத்தில் தாம் நேரில் கண்ட சண்டைகளை எழுதிவைத்தது அது. அதை அடையாளம் கண்டு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் ஜதுநாத். அதன்படி பிரதாபாதித்யன் முதலில் மொகலாய சுபேதாரிடம் போய்ப் பணிந்து, உதவிக்குப் படகுகள் தருவதாக ஒப்புக்கொண்டவன். வாக்குப்படி வராததால்தான் அவன்மேல் படை போனது. சொந்த ஊர்க்காரர்கள் சந்தோஷப்படுவார்களா? அவர் எழுதியதை மாற்றிக்கொள்ளவில்லை. ரோட்டின் பெயரும் மாறவில்லை.

புனாவில் எல்லோரும் விரோதிகள் என்று நினைத்துவிடக் கூடாது. அவருடைய வாழ்நாள் நண்பர் ஒரு மராத்தியர்தான். பரோடா சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்த கோவிந்த சகாராம் சர்தேசாய். புனா லயனில் காம்ஷேட் என்ற சின்ன ஸ்டேஷன் இருக்கிறதே, அங்கே ஓய்வுக் காலத்தில் குடியிருந்தார். ஒருவர் பாரசீகத்தில் கெட்டி, மற்றவர் மராத்தியில் கெட்டி. பல பத்தாண்டுகள் இருவரும் கடிதத்தில் பேசிக்கொண்டார்கள். பேஷ்வாக்களின் அலுவலகக் காகிதங்கள் புனாவில் மூட்டை மூட்டையாகச் சர்க்கார் பூட்டில் இருந்தன. அவற்றைத் திறந்துவிட வேண்டும் என்று ஜதுநாத் விடாமல் வற்புறுத்தினார். கடைசியில் சர்தேசாய் பொறுப்பில் 1930-க்கும் 1934-க்கும் இடையில் அதிலிருந்து 45 தொகுதிகள் அச்சாயின. மூட்டையைப் பூட்டி வைத்திருப்பவன் கையில்தான் சரித்திரமும் இருக்கிறது என்பது ஆபீசில் வேலை பார்க்கும் எவருக்கும் விளங்கும்.

செஞ்சியில் ஒரு குமாஸ்தா

இனி நம் ஊர்க் கதை.

1677-ல் சிவாஜி தெற்கே வந்து செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார். 1689-ல் அவருடைய மகன் சம்பாஜியை அவுரங்கசீப் கொன்றதும், இளைய மகன் ராஜாராம் தப்பி வந்து செஞ்சியில் அடைக்கலம் புகுந்தார். மராட்டியரின் தலைநகரமே தென்னார்க்காட்டுக்கு வந்துவிட்டது! பின்னாலேயே சுல்பிகார்கான் என்ற மொகலாயத் தளபதி 1690 செப்டம்பரில் வந்து முற்றுகையிட்டார். கோட்டை விழுந்தது 1698-ம் ஆண்டுத் தொடக்கத்தில்.

அவ்வளவு காலம் ஏன்? மூன்று மலைகளைச் சேர்த்துக் கட்டிய கோட்டை என்பது ஒரு காரணம். அது மட்டும் போதாது.

1692 கடைசியில் மராட்டியப் படைகள் முற்றுகையிட்டவர்களையே சுற்றி வளைத்துக்கொண்டன. தானியம் வரும் வழி அடைபட்டது. மொகலாயப் பாளையத்தில் பஞ்சம். சக்கரவர்த்தியின் கடைசி மகன் காம்பக்ஷ் எதிரியோடு ரகசியம் பேசுகிறார் என்ற சந்தேகத்தில் தளபதியே அவரைக் கைது செய்தார். 1693 ஜனவரியில் படை வந்தவாசிக்குப் பின்வாங்கியது. பிறகு சுல்பிகார்கான் தஞ்சாவூர்ப் பக்கம் போய் 1694-ல் அங்கிருந்த மராட்டிய மன்னர் ஷாஜியிடம் கப்பத்துக்கு எழுதி வாங்கினார். முற்றுகை நீண்டதில் தளபதிக்கே லாபம் இருந்தது, சண்டை முடிந்தால் அதிகாரமும் பணமும் போய்விடும் என்று அவர் இழுத்தடித்தார் என்ற பேச்சு அப்போதே கிளம்பிவிட்டது. கோட்டை விழுந்தபோது ராஜாராம் அதற்குள் தப்பிப் போயிருந்தார். அதுவும் அந்தப் பேச்சுக்கு உரமாயிற்று.

இந்த விவரங்களை ஜதுநாத் எங்கிருந்து எடுத்தார்? பக்கத்துப் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனித் தலைவர் பிரான்சுவா மார்ட்டின் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். அது ஒரு ஸ்டேஷன் ரிஜிஸ்தர். மொகலாயப் பாளையத்துக்குள்ளேயே இன்னொருவர் எழுதிக்கொண்டிருந்தார். அவர் பெயர் பீம்சேன்.

பீம்சேன் புர்ஹான்பூரில் 1649-ல் பிறந்த காயஸ்தர். பரம்பரையாகக் கணக்கு வேலை. தல்பத் ராவ் என்ற புந்தேலாத் தலைவரிடம் உத்தியோகம் பார்த்து, அவர் படையோடு செஞ்சிக்கு வந்தார். நம் நாட்டுக் கோயில்களையும் பழக்கவழக்கங்களையும் ஓர் அன்னியன் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார். 1707-ல் அவுரங்கசீப் பிள்ளைகளுக்குள் நடந்த சண்டையில் தல்பத் ராவ் இறந்தார். எஜமானும் போய், உத்தியோகமும் போன வயதில் பீம்சேன் தம் வாழ்க்கைக் கதையை எழுதி முடித்தார்.

யாரையும் திருப்திப்படுத்த வேண்டிய அவசியம் இல்லாதபோது ஒரு குமாஸ்தா எவ்வளவு உண்மை எழுதுவான் என்பதற்கு அந்தப் புத்தகம் உதாரணம். அதிகாரிகளுக்குச் சம்பளத்துக்குப் பதிலாக ஜாகீர் என்று நிலவரி தரப்படும். அந்த ஜாகீர் அடிக்கடி மாறும். அடுத்த வருடம் இருப்போமோ மாட்டோமோ என்று தெரியாத அதிகாரி குடியானவனுக்கு என்ன நன்மை செய்வான்? கிடைத்ததைப் பிடுங்குவான். குடியானவன் ஊரைவிட்டு ஓடுவான், அல்லது ஆயுதம் எடுப்பான். உள்ளூர் ஜமீன்தார் பலம் பெற்று மராட்டியரோடு சேர்ந்துகொள்வான். மேலே சக்கரவர்த்தி கோட்டை கோட்டையாகப் பிடித்துக்கொண்டிருக்க, கீழே ராஜ்யம் கரைந்துகொண்டிருந்தது. பீம்சேன் இதைத் தம் கண்ணால் பார்த்து எழுதினார். அந்த ஏடு லண்டனில் இருந்தது. அதன் மதிப்பை உணர்ந்து அவுரங்கசீப் சரித்திரத்தில் தாராளமாகப் பயன்படுத்தியவர் ஜதுநாத்.

செஞ்சி என்றால் நமக்குத் தேசிங்கு ராஜன். குதிரையும், முஸ்லிம் நண்பனும், உடன்கட்டை ஏறிய மனைவியும் கண்முன் வருவார்கள். சிறு வயதில் கூத்திலும் பாட்டிலும் கேட்டு அழுத கதை. தேசிங்கு என்ற தேஜ்சிங்கும் புந்தேலா வம்சம்தான். அவன் தகப்பனார் ஸ்வரூப்சிங்கை அவுரங்கசீப்தான் செஞ்சிக் கோட்டைக் காவலராக வைத்தார். 1714-ல் ஆர்க்காடு நவாப் சாதத்துல்லாகானோடு நடந்த சண்டை கப்பப் பாக்கியில் தொடங்கியது. பாட்டில் பாக்கிக் கணக்கு இல்லை. காகிதத்தில் தேசிங்கின் வீரம் இவ்வளவு உயரமாக இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.எஸ்.சீனிவாசாச்சாரி 1943-ல் செஞ்சியின் சரித்திரத்தை எழுதியபோது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். என்னைக் கேட்டால், பாட்டை முழுவதும் ஒதுக்குவது சரியில்லை. இருபது வயதைக் கடந்த ஒரு வடக்கத்தி வாலிபனுக்காக நம் கிராமத்து ஜனங்கள் இருநூறு வருடம் ஏன் அழுதார்கள் என்பதும் ஒரு சரித்திரக் கேள்விதான். ஜதுநாத் அந்த மாதிரிக் கேள்வியைக் கேட்கிறவரில்லை.

அவர் பார்க்கத் தவறியது

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். ஜதுநாத் பீம்சேனை வரி வரியாகப் படித்தவர். ஆனால் பேரரசு ஏன் விழுந்தது என்று முடிவு சொல்லும்போது சக்கரவர்த்தியின் குணத்துக்கும் மதக் கொள்கைக்கும்தான் அதிக இடம் கொடுத்தார். ஓர் அரசனின் மனம் சரியாக இருந்திருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும் என்ற தொனி அவர் எழுத்தில் ஓடுகிறது.

அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அதே காகிதங்களை எடுத்து வேறு கேள்வி கேட்டார்கள். 1959-ல் சதீஷ் சந்திரா தர்பார்க் கட்சிகளைப் பற்றி எழுதினார். 1963-ல் அலிகாரின் இர்பான் ஹபீப் நிலவரியையும் குடியானவர்களையும் எடுத்துக்கொண்டார். விளைச்சலில் எவ்வளவு பங்கு போனது, எங்கே ஓடினார்கள், எங்கே எதிர்த்தார்கள் என்று கணக்குப் போட்டார். 1966-ல் அத்தர் அலி பிரபுக்களை ஒவ்வொருவராக எண்ணி, யார் எந்த இனம், எவ்வளவு பதவி என்று பட்டியல் தயாரித்தார். பேரரசு தளர்ந்தபோது சில மாகாணங்கள் செழித்தன என்று காட்டியவர்களும் பின்னால் வந்தார்கள். பீம்சேன் சொன்ன ஜாகீர்த் தகராறு இவர்கள் கையில்தான் நடுவிடம் பெற்றது.

நம் பக்கமும் அப்படித்தான். அரசர்களின் மெய்க்கீர்த்தியை விட்டுவிட்டு, கோயில் சுவரிலிருக்கும் வரிப் பெயர்களையும் நில விற்பனைகளையும் ஆயிரக்கணக்கில் எண்ணிப் பார்த்தார்கள் ஜப்பானியரான நொபொரு கராஷிமாவும் நம் எ.சுப்பராயலுவும். 1429-ம் ஆண்டுக் கல்வெட்டுகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். வலங்கையாரும் இடங்கையாரும் ஒன்று சேர்ந்து, விஜயநகர அதிகாரிகளுக்கும் நிலச் சொந்தக்காரர்களுக்கும் இன்ன வரிக்கு மேல் தர மாட்டோம் என்று கல்லிலே வெட்டி வைத்திருக்கிறார்கள். உத்தரவு போட்டவன் எழுத்து எங்கும் கிடைக்கும். மாட்டேன் என்று சொன்னவன் எழுத்து அபூர்வம். ஜதுநாத் கையில் அப்படி ஒன்று அதிகம் கிடைக்கவில்லை என்று அவருக்காக வாதாடலாம்.

ஆனால் இன்னொரு விஷயத்தில் வாதாட முடியாது. அவர் பதிப்பித்த வங்காள சரித்திரத்தின் இரண்டாம் பாகம் 1948-ல் டாக்காப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. அதில் 1757 பிளாசிப் போரோடு இருள் நீங்கி விடியல் தொடங்கியது என்ற கருத்தில் கதையை முடித்தார். பிளாசி முடிந்து 13 வருடத்தில், 1770-ல், கம்பெனி ஆட்சியில் வங்காளத்தில் பெரும் பஞ்சம் வந்து லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். 1943-ல் மறுபடி பஞ்சம். கல்கத்தாத் தெருக்களில் பிணங்கள் கிடந்தன. அதற்குப் பிறகும் விடியல் என்று எழுத அந்தப் பெரிய மனிதருக்கு எப்படி மனம் வந்தது என்று எனக்குப் புரியவில்லை. இத்தனைக்கும் பொய் சொல்கிறவர் அல்லர். அவர் எதிர்பார்த்தது ஒழுங்கு, பள்ளிக்கூடம், சட்டம், அச்சடித்த புத்தகம். அவை வந்ததைப் பார்த்தார். வாங்கிய விலையைக் கணக்கில் எழுதவில்லை.

வீட்டுக்குள் வந்த கலவரம்

போரையும் கலகத்தையும் ஐம்பது வருடம் காகிதத்தில் படித்தவர் வீட்டுக்கே அது வந்தது. 1946 ஆகஸ்ட் 16-ந் தேதி கல்கத்தாவில் தொடங்கிய இந்து-முஸ்லிம் கலவரம் பிரிவினை வரை ஓயவில்லை. அந்தக் கலவர நாட்களில் ஜதுநாத்தின் மூத்த மகன் தெருவில் கத்திக்குத்துப்பட்டு இறந்தார். பிள்ளைகளைப் பறிகொடுத்த துக்கம் அந்தத் தம்பதிக்கு முன்பே உண்டு. இது வேறு விதமான அடி. 1947-ல் பிறந்த கிராமமும் எல்லைக்கு அப்பால் போய்விட்டது.

அந்த 1947-லேயே அவர் மொழிபெயர்த்த புத்தகம் ஒன்று கல்கத்தாவில் வெளிவந்தது. அவுரங்கசீப் ஆட்சியை எழுதிய மாஸிர்-இ-ஆலம்கீரி என்ற பாரசீக நூல். அந்த மாதங்களில் தினமும் காலையில் மேஜை முன் உட்கார்ந்து அந்த எழுத்துக்களைப் பார்க்க அவருக்கு எப்படி இருந்திருக்கும்? மேஜையை விட்டு எழுந்துவிடவில்லை என்பது மட்டும் தெரிகிறது. பேரரசின் வீழ்ச்சியின் நான்காம் பாகம் மூன்று வருடத்தில் முடிந்து அச்சாகியும் விட்டது.

10, லேக் டெரஸ்

அவர் சேர்த்த புத்தகங்களும் ஏடுகளும் காலமான பிறகு அலிப்பூர் தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. வீட்டைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. 1973-ல் சமூக அறிவியல் ஆராய்ச்சி மையம் அந்த வீட்டில்தான் தொடங்கியது. அவர் கேட்காமல் விட்ட கேள்விகளை, குடியானவன், கூலி, பெண்கள், சாதாரண ஜனங்கள் பற்றிய கேள்விகளை, கேட்ட பலர் அவருடைய அறைகளில் உட்கார்ந்துதான் எழுதினார்கள். மையம் பிறகு பாட்டூலிக்கு இடம் மாறியது. லேக் டெரஸ் வீடு ஜதுநாத் பவன் என்ற பெயரில் அருங்காட்சியகமாக ஆயிற்று.

செஞ்சியில் பட்டினி கிடந்த குமாஸ்தா பீம்சேனின் புத்தகத்தை ஜதுநாத் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைத்திருந்தார். உயிரோடு இருந்தபோது அது புத்தகமாக வரவில்லை. அவர் மறைந்து 14 வருடம் கழித்து, 1972-ல், அவருடைய நூற்றாண்டு நினைவு மலராகப் பம்பாயில் அச்சிட்டார்கள். செஞ்சி முற்றுகை, வந்தவாசிப் பின்வாங்கல், நம் பக்கத்துக் கோயில்கள் எல்லாம் அதில் இருக்கின்றன.